தொட்டிலுக்கும் தொழிலுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்பவர் யார்?

பிள்ளை பெற்ற பெண் எப்போது வேலைக்குத் திரும்புவது என்பது அவளுடைய சொந்த விஷயம் என்றொரு கருத்து நம்மிடையே வழங்கி வருகிறது. உடல் தேறியதும் போகலாம். பிள்ளை பால் மறந்ததும் போகலாம். மனம் ஒப்பினால் போகலாம், ஒப்பாவிட்டால் இருக்கலாம் என்கிறார்கள். கேட்பதற்கு இனிய பேச்சுத்தான். ஆனால் அந்த நாளைக் குறிப்பவள் தாயல்லள். கூலி கொடுப்பவன் குறிக்கிறான். கடன் கொடுத்தவன் குறிக்கிறான். கஜானா வறண்டபோது அரசாங்கமே குறிக்கிறது. பிறர் குறித்த நாளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு படலையைத் திறந்து வெளியேறுவது ஒன்றே தாய்க்கு விடப்பட்டிருக்கிறது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. அம்பாறைக் கரையோரத்துத் தம்பிலுவிலை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரே ஒழுங்கையில் மூன்று தாய்மார் வாழக்கூடும்: ஒருத்தி அரச பாடசாலை ஆசிரியை, ஒருத்தி ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவள், ஒருத்தி வேளாண்மைக் காலத்தில் களை பிடுங்கும் கூலிப் பெண். மூவரும் பட்ட நோவு ஒன்றே. மூன்று குழந்தைகளின் பசியும் ஒன்றே. நாட்கணக்கு மட்டும் மூன்றாகப் பிரிந்து நிற்கிறது.

ஆசிரியைக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் லீவு உண்டு. வேண்டுமானால் பின்னும் 84 நாட்களை அரைச் சம்பளத்துடனும், அதன் மேல் 84 நாட்களைச் சம்பளமின்றியும் அவள் எடுக்கலாம். தொழிற்சாலைப் பெண்ணை ஆள்வது 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். அது தருவது 12 வாரங்கள். பிரசவத்துக்கு முந்திய இரு வாரங்களும் அதற்குள் அடக்கம். ஏற்கெனவே இரு பிள்ளைகள் உள்ள தாய்க்கு 6 வாரமே போதும் என்று 2018 ஆம் ஆண்டின் திருத்தம் வரும்வரை அச்சட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றாம் பிள்ளை அரை வயிற்றோடு பிறக்கிறது என்று சட்டம் இயற்றியோர் எண்ணினார்கள் போலும்!

களை பிடுங்கும் பெண்ணுக்கோ கணக்கே இல்லை. இன்று ஒருவர் வயல், நாளை இன்னொருவர் வயல் என்று போகிறவளுக்கு லீவு கொடுக்கக் கடமைப்பட்ட முதலாளி எவர்? தமிழர் வீட்டில் முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிக்கிறார்கள். முஸ்லிம் வீட்டில் நாற்பதாம் நாள் கணக்கு. ஊர் வழக்கம் அவளுக்கு அளித்த லீவு அவ்வளவே. நுண்கடன்காரரின் தவணை நாள் அதற்கும் காத்திருப்பதில்லை.

இப்போது அரசாங்கத்தின் மற்றொரு முகத்தைப் பாருங்கள். அதன் மருத்துவ மாது வீடு தேடி வந்து, ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்கலாகாது என்று போதிக்கிறாள். அது சரியான போதனை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் போதனையும் அதுவே. நம் தாய்மார் அதை அலட்சியம் செய்யவுமில்லை. 2016 ஆம் ஆண்டு நாடு தழுவி நடந்த குடிசன சுகாதார ஆய்வில், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்ந்தன. ஆனால் ஆறு மாதம் பால் கொடு என்று ஒரு கை எழுத, பன்னிரண்டாம் வாரம் இயந்திரத்தின் முன் வந்து நில் என்று மறு கை எழுதுகிறதே, இது என்ன நியாயம்? குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை வேலை நேரத்தில் இருமுறை பாலூட்டச் சட்டம் இடைவேளை தந்திருக்கிறது என்பார்கள். தொழிற்சாலை ஓர் ஊரிலும் தொட்டில் வேறோர் ஊரிலும் இருக்கையில், அந்த இடைவேளையில் தாய் யாருக்குப் பாலூட்டுவாள்?

நாட்கணக்கின் உள்நோக்கம் வெட்டவெளிச்சமாகும் இடம் ஒன்றுண்டு. அதுதான் வளைகுடாப் பயணம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்லலாகாது என்று 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற பெயரில் விதி வந்தது. பிள்ளையின் நலனே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. உள்நாட்டுத் தொழிற்சாலையில் 12 வாரத்தில் தாயைப் பிரியக் கூடிய குழந்தை, வெளிநாடு என்றால் 5 வருடம் பிரியக் கூடாதாம். பின்னர் 2022 இல் நாட்டில் டொலர் தீர்ந்தது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள். அவ்வாண்டு ஜூன் மாதம் அமைச்சரவை அந்த ஐந்து வயதை இரண்டாகக் குறைத்தது. ஒன்பது வருடத்தில் இலங்கைக் குழந்தைகளின் இயல்பா மாறிற்று? திறைசேரியின் நிலை மாறிற்று! அகலவும் சுருங்கவும் செய்த அந்த விதியைப் பற்றி எந்தத் தாயைக் கேட்டார்கள்?

“நம் பகுதிக்கு இந்தக் கவலை எதற்கு? தாய்வழிக் குடி முறை இருக்கிறதே, வீடும் வளவும் பெண்ணுக்கே, அம்மம்மா அருகில் இருக்கிறாளே” என்று சிலர் சொல்லக்கூடும். உண்மை. தம்பிலுவில் தமிழருக்கும் அக்கரைப்பற்று, கல்முனை முஸ்லிம்களுக்கும் பொதுவான பெருஞ்சொத்து அது. மணமான பெண் தாயைப் பிரியாது வாழும் இம்முறை எத்தனையோ குழந்தைகளைக் காத்திருக்கிறது. ஆனால் அந்த அம்மம்மாவும் உழைப்பாளியே. யுத்தமும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் பல வீடுகளில் அவளையும் கொண்டுபோயின. எஞ்சியவள் முதுகு வளைந்த பின்னும் இரண்டாம் முறை பிள்ளை வளர்க்கிறாள். அதற்குக் கூலியும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. முதலாளியும் அரசும் கட்ட வேண்டிய காப்பகத்தை அவள் தன் மடியில் நடத்துகிறாள். அதைப் பண்பாடு என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துபோவது நமக்கு அழகா?

லீவை நீட்டினால் முதலாளிமார் இளம் பெண்களை வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்பது இன்னொரு வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியே நமக்குத் துணை. செலவு முழுவதையும் தனித்தனி முதலாளியின் தலையில் வைத்தால், அவன் அதைப் பெண்ணின் தலையில் இறக்கிவைப்பான். ஆதலால் செலவு பொது நிதியிலிருந்து வர வேண்டும். இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த தத்துவம் அன்று. இப்படிப்பட்ட நன்மைகளின் செலவுக்கு முதலாளி தனித்துப் பொறுப்பாகலாகாது என்று சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 1952 ஆம் ஆண்டு 103 ஆம் இலக்கச் சமவாயம் தெளிவாகக் கூறுகிறது. இலங்கை 1993 இல் அதை ஏற்றுக் கையொப்பமிட்டது. பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் ஒரு மகப்பேறு உதவித் திட்டம் நடைபெறுகிறது. முதலாளி எவனும் இல்லாத ஏழைத் தாய்க்கும் அரசே பணம் கொடுக்கிறது. தொகை போதாது என்று வாதிடலாம். வழியே இல்லை என்று வாதிட முடியாது.

காப்பகம் கட்ட வசதி இல்லை என்பாரும் உளர். நம் மலைநாட்டைப் பார்க்கட்டும். தேயிலைத் தோட்டத்திலே பிள்ளைக்காம்பரா என்ற ஒன்று நெடுங்காலமாக இருந்து வருகிறது. தோட்டத் துரைக்குக் குழந்தைமீது பாசம் பொங்கியா அது எழுந்தது? விடியற்காலையில் கொழுந்து பறிக்க அந்தத் தாயின் கைகள் அவனுக்குத் தேவைப்பட்டன. இலாபத்துக்காகக் கட்ட முடிந்ததைத் தாய்க்காகவும் சேய்க்காகவும் கட்ட முடியாதா?

நாம் கேட்பது பெண்ணை வீட்டுக்குள் பூட்டிவைக்கும் சலுகை அன்று. மூன்றாம் மாதமே பாடம் நடத்த விரும்புகிறவள் குற்ற உணர்ச்சியின்றிப் போகட்டும். ஆறு மாதமும் பிள்ளையோடு இருக்க விரும்புகிறவள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். இரண்டுக்கும் வழியிருக்கும்போதுதான் தீர்மானம் என்ற சொல்லுக்கே பொருள் உண்டு. ஆகவே, தொழில் எதுவாயினும் ஒவ்வொரு தாய்க்கும் பொது நிதியிலிருந்து ஆறு மாத ஊதியம் வேண்டும். ஊர்தோறும் நல்ல காப்பகம் வேண்டும். அரச ஊழியனான தந்தைக்கு இன்றுள்ள மூன்று நாள் லீவு பரிகாசத்துக்குரியது. தொட்டிலாட்டும் கடமையில் அவனுக்கும் உரிய பங்கு வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவ நண்பர்களே! தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசி தோறும் குளிர்த்தி நடைபெறுகிறது. அரசவையில் நின்று நீதி கேட்ட ஒரு பெண்ணின் சினத்தைத் தணிக்கும் சடங்கு அது. கல்லாய் நிற்கும் கண்ணகியின் சினத்துக்கு அஞ்சும் நாம், களத்தில் நிற்கும் கண்ணகிகளின் வழக்கைக் கேட்க மறுக்கலாமா? அந்த 84 நாட்களும் ஆசிரியைக்கு உண்டு; அவள் வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுமியின் தாய்க்கு இல்லை. நம் தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்காகவும் இடமாற்றத்துக்காகவும் எழுப்பும் குரலை அந்தத் தாய்க்காகவும் எழுப்பட்டும். தனக்குக் கிடைத்ததைக் கிடைக்காதவளுக்கும் கேட்டு வாங்கித் தருவதே முற்போக்கு; மற்றதெல்லாம் மேடைப் பேச்சு.