பார்த்த கூலியை யார் கொடுப்பது?



கொஞ்சம் நீண்ட பதிவு. பழைய வாகனம் வைத்திருப்பவர்களும், பிள்ளையைக் கராஜில் தொழில் பழக விட்டிருப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் நாலு ஆசிரியர்கள். ஒரே பாடசாலை. தினமும் ஒரு பழைய டீ.எக்ஸ். வேகனில்தான் போய் வருகிறோம். எங்களில் இளையவரை விட அந்த வேகனுக்கு வயது கூட. பெற்றோலும் பங்கு, ரிப்பெயர் வந்தாலும் பங்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறக்கும் வரை பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் ஆசிரியர் சம்பளத்துக்கு அது எட்டாத கொப்புதான். அதனால் இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுகிறோம். நம்மூரில் பலருடைய நிலைமையும் இதுதான்.

சில மாதங்களுக்கு முன் வேகனுக்கு ஒரு வருத்தம் வந்தது. ஸ்டார்ட் ஆகும். நின்ற இடத்தில் அழகாக ஓடும். ஆனால் எக்ஸலேட்டரை மிதித்தால் உடனே எடுக்காது. ஒரு செக்கன், ஒன்றரை செக்கன் செத்த மாதிரி நிற்கும். பிறகு உதறிக்கொண்டு பாயும். "மிதிச்சா கட்டாகுது" என்று நாம் சொல்வோமே, அதுதான்.

ஒரு செக்கன்தானே என்று விட்டுவிட்டோம். ஒருநாள் காலை உள் வீதியிலிருந்து பிரதான வீதிக்கு வலப்பக்கம் திரும்பினோம். தூரத்தில் பஸ் வந்தது, கடந்துவிடலாம் என்று நினைத்தோம். நடுவீதியில் வைத்து வேகன் மூச்சடைத்தது. பஸ் சாரதி பிரேக் அடித்த சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. அன்று பாடசாலை போய்ச் சேரும் வரை வேகனுக்குள் யாரும் பேசவில்லை.

அன்று பின்னேரமே கராஜுக்குப் போனோம். தம்பி பொனட்டைத் திறந்தார், இரண்டு தரம் ரேஸ் பண்ணினார். "காபரேட்டர் செத்துட்டு சேர். ரீகண்டிஷன் ஒண்டு போடுவம்" என்றார். நாங்கள் கேட்ட ஒரே கேள்வி: "எவ்வளவு முடியும்?"

28,000 ரூபா.

"எப்படித் தெரியும்?" என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளின் விடைத்தாளில் 'காரணம் தருக' என்று தினமும் சிவப்புப் பேனையால் எழுதுகிற நாலு பேரும் கேட்கவில்லை.

புதுக் காபரேட்டர் போட்டு இரண்டாம் நாள் அதே சந்தியில் அதே மூச்சடைப்பு. பிறகு பிளக் மாற்றினோம். பிளக் வயர் மாற்றினோம். பெற்றோல் பில்டர் மாற்றினோம். வருத்தம் மட்டும் மாறவில்லை.

கடைசியில் ஒருவர் சொல்லி, மூத்த பாஸ் ஒருவரிடம் போனோம். கராஜ் என்று போர்டு கிடையாது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில், அவ்வளவுதான். அவர் ஸ்பனரைத் தொடவில்லை. முதலில் கேள்வி கேட்டார்.

"சேர், இது காலையில மட்டுமா, சூடாகின பொறகுமா?"

"எப்பவும்தான் காக்கா."

"மெதுவா மிதிச்சா?"

"மெதுவா மிதிச்சாலும் இழுவைதான். டக்கெண்டு மிதிச்சா கட்டாகுது."

"சும்மா நிக்கக்குள்ள?"

"ஒரு குறையும் இல்ல."

பிறகு எஞ்சினை நிறுத்தச் சொன்னார். ஏயார் கிளீனரைக் கழற்றினார். சோக் திறந்திருக்கிறதா என்று பார்த்தார். டோர்ச் அடித்துக் காபரேட்டரின் தொண்டைக்குள் எங்களையும் பார்க்கச் சொன்னார். கையால் திரொட்டில் லீவரை அசைத்தார். அசைத்த அதே கணத்தில் மெல்லிய நூல் போலப் பெற்றோல் உள்ளே பீச்சியது. "இது சுகமா இருக்கு" என்றார்.

அது என்னவென்று அவர் விளக்கியதை, விஞ்ஞானம் படிப்பிக்கிற எங்களில் ஒருவர் சேர்த்துச் சொன்னதோடு எழுதுகிறோம். பெற்றோல் ஒழுங்காக எரிய ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறைப்படி ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். நாம் திடீரென்று மிதித்தால் காற்று உடனே பாய்ந்துவிடும், அது இலேசானது. பெற்றோல் பாரமானது, பின்தங்கிவிடும். வந்த பெற்றோலிலும் ஒரு பகுதி குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு கணம் எஞ்சினுக்குக் காற்று கூட, பெற்றோல் குறைவு. அதுதான் மூச்சடைப்பு. அந்த இடைவெளியை நிரப்பத்தான் காபரேட்டருக்குள் ஒரு சின்னப் பம்ப் இருக்கிறது. மிதித்தவுடன் அது கொஞ்சம் பெற்றோலைப் பீச்சும். அதன் ரப்பர் காய்ந்திருந்தால், துவாரம் அடைத்திருந்தால், உள்ளே இருக்கும் சின்னக் குண்டு இறுகியிருந்தால் பீச்சாது, அல்லது பிந்திப் பீச்சும். பார்க்க ஒரு நிமிடம் போதும். செலவு ஒன்றுமில்லை. (எஞ்சின் நிற்க வேண்டும், பக்கத்தில் சிகரெட் கூடாது.)

பம்ப் சுகம் என்றால் அடுத்தது எங்கே? வேண்டாத இடத்தால் காற்று உள்ளே போகிறதா என்று பார்த்தார். காபரேட்டரின் அடிக் கஸ்கட், பிரேக் பூஸ்டர் ஹோஸ், மற்ற ஹோஸ் ஒவ்வொன்றாக. அதன் பிறகு டிஸ்ரிபியூட்டருக்கு வந்தார். அதன் பக்கத்தில் தட்டை மாதிரி ஒரு வக்கியூம் யூனிட் இருக்கும். அதிலிருந்து காபரேட்டருக்கு வரும் ஹோஸின் முனையைக் கழற்றி எங்களில் ஒருவரிடம் தந்து, "வாயில வெச்சு உறிஞ்சுங்க சேர்" என்றார்.

உறிஞ்சினால் நாக்கு அந்த முனையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை. காற்று தாராளமாக வந்துகொண்டே இருந்தது. உள்ளே இருந்த டயபிரம் கிழிந்திருக்கிறது.

மெதுவாக ஓடும்போது கலவை இலேசாக இருக்கும், ஆறுதலாகவே எரியும். ஆகவே ஸ்பார்க் கொஞ்சம் முந்தி வர வேண்டும். அதை முந்திக் கொண்டுவருவது அந்த டயபிரம். கிழிந்தால் ஸ்பார்க் முந்தாது. போதாக்குறைக்கு, திரொட்டில் திறக்கும்போது அந்தக் கிழிசல் வழியே வேண்டாத காற்றும் புகுந்துவிடும். சும்மா நிற்கும்போது அந்த ஹோஸில் உறிஞ்சல் இல்லை. அதனால்தான் நின்ற இடத்தில் வேகன் நல்ல பிள்ளை.

அதாவது, காபரேட்டரில் குற்றமே இல்லை. 28,000 ரூபா கொடுத்துக் குற்றமற்றவரை வெளியே அனுப்பியிருக்கிறோம். அந்தப் பழைய காபரேட்டரைத் தேடிப் போனபோது அது கைமாறிவிட்டது. ஒறிஜினல் சாமான். இனி அப்படி ஒன்று கிடைப்பது கஷ்டம்.

பழைய சாமான் கடையில் வக்கியூம் யூனிட் ஒன்று 4,000 ரூபாவுக்குக் கிடைத்தது. முதலில் அதையும் உறிஞ்சிப் பார்த்துத்தான் வாங்கினோம். அவர் பூட்டி, டைமிங் சரிபார்த்தார். இப்போது அதே சந்தியில் மிதித்தவுடன் எடுக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

இனித்தான் நாங்கள் சொல்ல வந்த விசயம்.

கூலி கேட்டோம். "பூட்டினதுக்கு ஐந்நூறு தாங்க சேர்" என்றார். முதல் நாள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்று பார்த்தீர்களே என்று கேட்டோம். "அண்டைக்குச் சாமான் ஒண்டும் போடலயே, என்னத்துக்குக் காசு?" என்றார்.

அந்தப் பதிலை அவருக்குப் பழக்கியது நாம்தான். டொக்டரை சனல் பண்ணினால், "ஒன்றுமில்லை, போங்கள்" என்று அவர் சொன்னாலும் காசைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வருகிறோம். மெகானிக் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை, ஒரு ஹோஸ்தான்" என்றால், காசு கேட்க அவருக்கும் வெட்கம், கொடுக்க நமக்கும் மனமில்லை. சாமானுக்குக் காசு தருவோம், பூட்டுவதற்குத் தருவோம், யோசித்ததற்குத் தர மாட்டோம். அப்படியிருக்க, ஒரு மணித்தியாலம் இருந்து காரணம் தேடுகிற தம்பிக்கு என்ன கிடைக்கும்? சாமானை மாற்றுகிறவர்தான் பிழைப்பார். எங்களுக்கு 28,000 ரூபா பில் போட்ட தம்பியை நாங்கள் ஏசவில்லை. அவர் நம்முடைய சந்தைக்கு ஏற்றபடி நடந்துகொண்டார். வாசலில் நின்று "இப்பவே வேணும்" என்று அவசரப்படுத்தியதும் நாங்கள்தான்.

காரணம் தெரிந்தவருக்குச் செலவு எவ்வளவு குறைகிறது என்பதற்கு இன்னொரு உதாரணம். நம்மூரில் இன்னும் ஓடுகிற மொரிஸ் மைனரின் எஸ்.யூ. காபரேட்டரில் மேலே சொன்ன பம்ப் கிடையாது. அதன் உச்சியில் ஒரு சின்ன மூடி உண்டு. உள்ளே கொஞ்சம் ஒயில் இருக்கும். மிதித்தவுடன் பிஸ்டன் துள்ளி எழும்பாமல் பிடித்துவைத்து, அந்தக் கணத்துக்குப் பெற்றோலைக் கூட்டிக்கொடுப்பது அந்த ஒயில்தான். அது வற்றினாலும் இதே மூச்சடைப்புத்தான். மருந்து சில துளி மெல்லிய ஒயில். இது தெரியாதவர் முழுக் காபரேட்டரையும் மாற்றச் சொல்வார்.

எங்கள் மாணவர்கள் சிலர் போனில் அமெரிக்காவின் பெரிய வீ-8 கார்களின் வீடியோ பார்ப்பார்கள். மஸ்டாங், செவெல் என்று பெயர்கள் அவர்களுக்குப் பாடம். அவற்றில் போடுகிற ஹொலி காபரேட்டரிலும் வைத்தியம் இதே ஒழுங்குதான். முதலில் மிதித்த கணமே பீச்சுகிறதா என்று பார்க்க வேண்டும். பம்ப் லீவரில் ஆட்டம் இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். காற்றுக் கசிவையும் டைமிங்கையும் பார்க்க வேண்டும். பீச்சுகிற நொசில் போதாது என்றால் மட்டும் அடுத்த நம்பர். அங்கேயும் முதல் நாளே பெரிய நொசில் வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு. கார் பெரிதானாலும் பிழை விடுகிற மனிதன் ஒன்றுதான்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில:

1. கராஜுக்குப் போகுமுன் வருத்தத்தை எழுதிக்கொண்டு போவோம். எப்போது, சூட்டிலா குளிரிலா, மெதுவாக மிதித்தாலா திடீரென்று மிதித்தாலா?

2. சாமான் மாற்றச் சொன்னால், "எப்படித் தெரிந்தது, காட்டுங்க தம்பி" என்று மரியாதையாகக் கேட்போம். தெரிந்தவர் சந்தோசமாகக் காட்டுவார்.

3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவோம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது மருந்து என்று தெரியாமல் போகும்.

4. கழற்றிய பழைய சாமானைக் கையோடு வாங்கி வருவோம்.

5. பார்த்ததற்கும் கூலி கொடுப்போம். ஒன்றும் பூட்டாவிட்டாலும் கொடுப்போம். முதலிலேயே பேசிக்கொள்வோம்.

ஐந்தாவதுதான் முக்கியம். அந்த மூத்த பாஸின் மகனும் தொழில் பழகியவர்தான். இப்போது கட்டாரில் சாரதி. "கொட்டிலால வீடு ஓடாது சேர்" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். அவருக்குப் பிறகு அந்த ஹோஸை உறிஞ்சிப் பார்க்கச் சொல்ல யார் இருக்கிறார்? சாதாரண தரத்தில் விஞ்ஞானம் சித்தியடையாமல் கராஜுக்குப் போன எங்கள் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இப்படி ஒழுங்காக யோசிக்கிற மூளை நிச்சயமாக உண்டு, எங்களுக்குத் தெரியும். அந்த மூளைக்கு நாம் கூலி வைக்கவில்லை என்றால் அவர்களும் கையில் கிடைத்ததை மாற்றப் பழகுவார்கள், அல்லது விமானம் ஏறுவார்கள்.

நாங்கள் அடுத்த வெள்ளி பின்னேரம் அந்தப் பாஸிடம் திரும்பப் போனோம். அன்று பார்த்ததற்கான கூலி என்று சொல்லி நாலு பேரும் சேர்த்துக் கொடுத்தோம். வாங்க மறுத்தார். "சனல் காசு என்று நினைத்துக்கொள்ளுங்கள் காக்கா" என்றோம். சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

தொழில் தெரிந்தவர்கள் நாங்கள் எழுதியதில் பிழை கண்டால் கொமென்டில் திருத்துங்கள். மற்றவர்கள் உங்கள் ஊரில் காரணம் கேட்டு வேலை செய்கிற பாஸ்மார் யாரென்று அவர்களிடம் அனுமதி கேட்டு எழுதுங்கள். நாலு பேர் அவர்களைத் தேடிப் போகட்டும்.