கோலமிடும் கைகளுக்கு ஒரு கம்பளி உறை

தில்லியில் மார்கழி விடியற்காலைக் குளிர் சில நாள் 5 டிகிரிக்கும் கீழே இறங்கும். ஊரிலிருந்து வந்த பாட்டிமார் விரல் விறைத்துக் கோலத்தையே கைவிடுவதை நாம் காண்கிறோம். முழுக் கையுறையோடு மாவை இழுக்க இயலாது. விரல்களை வெளியே விட்டு, உள்ளங்கையையும் மணிக்கட்டையும் மூடும் உறையே ஏற்றது.

நடுத்தரக் கம்பளி நூல் 50 கிராமும் 4 மில்லிமீட்டர் ஊசி இரண்டும் போதும். 40 கண்கள் ஏற்றி, அண்டை வீட்டார் சொல்வதுபோல் இரண்டு ‘சீதா’, இரண்டு ‘உல்டா’ என ஒவ்வொரு வரிசையும் பின்னி, 7 அங்குலம் வளர்ந்ததும் தளர்வாக முடிக்கவும். இரண்டாக மடித்து ஓரத்தைத் தைக்கும்போது, மேலிருந்து 1½ அங்குலத்துக்குக் கீழே, கட்டைவிரலுக்காக 2 அங்குலம் திறந்து விடவும். மற்றொன்றும் இவ்வாறே, இடம் வலம் பேதமில்லை.

முதல் ஜோடி பாட்டிக்கே ஆகட்டும். நம் வாசலில் கோலம் மீண்டும் மலரும்.