பணிசுக்குள் யாருடைய பழம்?

மாம்பழக் காலத்தில் பின்னேரம் நான்கு மணிக்கு எமது கிராமங்களில் நடக்கும் காரியம் ஒன்றை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ ஒழுங்கைக்குள் வரும். பிள்ளைகள் தாயின் கையில் இருக்கும் காசைப் பறித்துக்கொண்டு ஓடும். வாங்கி வருவது ஜாம் பணிஸ். பிய்த்துப் பார்த்தால் உள்ளே சுண்டுவிரல் நகமளவு சிவப்பாக ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அது என்ன பழம் என்று பிள்ளைக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. அதே நேரம் வேலியோரத்து மரத்தின் கீழே விழுந்து வெடித்த மாம்பழங்களை ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு, தின்று அலுத்துப்போய், அப்பால் நடக்கும்.

இந்த இரண்டு காட்சிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே எமது கருத்து. மரம் பூக்கும்போதே வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மிஞ்சிய பழத்தை அழுக விட்டுவிட்டு, யாரோ எங்கோ காய்ச்சிய சிவப்புச் சாயத்தைப் பணிசுக்குள் வைத்து விலைக்கு வாங்கித் தின்கிறோம். எமது பழத்தை எமது பணிசுக்குள் வைப்பதற்கு எமக்கு என்ன குறை?

குறை உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறோம். எமது வாசகர்களில் பலருக்கு இன்று சொந்தமாக ஒரு மாமரம் இல்லை. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் மரங்கள் பாதுகாப்பு வலயத்து முட்கம்பிக்கு உள்ளே நின்று காய்த்தன. காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டாலும் இன்னும் முழுமையாக விடுவிக்கப்படவில்லை. அதே ஆண்டு ஐப்பசியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்துப் பக்கம் போய் இரவல் நிலத்தில் வாழத் தொடங்கின. 2009 இல் வன்னியிலிருந்து முகாம்களுக்குப் போய்த் திரும்பியவர்கள், தாம் வைத்த தென்னையும் பலாவும் தலை இல்லாமல் நிற்கக் கண்டார்கள்.

ஒரு கூட்டத்தில் இந்தப் பணிஸ் கதையை நாம் எடுத்தபோது வயதான அம்மா ஒருவர் எழுந்து, "காணியைத் தா என்று கேட்க வேண்டிய நேரத்தில் எங்களுக்குப் பணிஸ் சுடப் பழக்க வந்திருக்கிறியளோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இடம்பெயர்ந்தவருக்குக் கொடுக்கப்படும் ஒவ்வொரு தையல் மெசினுக்கும் ஒவ்வொரு கோழிக்கூட்டுக்கும் பின்னால், "இனி இங்கேயே இருந்துகொள்" என்ற ஒரு சொல் ஒளிந்திருக்கலாம். அந்தச் சொல்லுக்கு நாம் உடன்படவில்லை. ஆனால் காணிக்கான மனு ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்குப் போய்வரும் காலம் முழுவதும் பிள்ளைக்குப் பின்னேரம் பசிக்கத்தான் செய்கிறது. பணிஸ் காணிக்கு ஈடாகாது. ஈடென்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் அவரிடமிருந்து அடுப்பை மட்டும் வாங்கிக்கொண்டு, அந்தச் சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அடுப்பைப் பற்றியும் எமக்கு ஒரு மனக்குறை உண்டு. எமது பெண்களுக்கு நடத்தப்படும் வெதுப்பகப் பயிற்சிகள் பெரும்பாலும் பட்டணத்துத் தொழிலையே பழக்குகின்றன. எரிவாயு அடுப்பு, மின்சாரக் கலக்கி, பெட்டி மாஜரீன், போத்தல் ஜாம், ஐசிங் பூ. மூன்று கிழமைப் பயிற்சி முடிந்ததும் ஒரு சான்றிதழ். நாம் அறிந்த ஓரிடத்தில் இப்படிப் பழகிய பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து தொழில் தொடங்கி, 2022 இல் எரிவாயு இல்லாமல் போனதும் அடுப்பை மூடி, அதன்மேல் பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கி வைத்தார்கள். அவர்களுக்குக் கைப்பழக்கம் இருந்தது. பற்ற வைக்கத்தான் ஒன்றும் இல்லை. வளவிலே சிரட்டையும் பொச்சும் பனம் மட்டையும் குவிந்து கிடந்தன. விறகுப் போறணையில் வேலை செய்ய அந்தப் பயிற்சியில் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

பாண் எமக்குப் போர்த்துக்கீசரோடு வந்தது. பெயரே அவர்களுடையது. கோதுமை மாவை நாம் இன்றும் அமெரிக்கன் மா என்று சொல்கிறோம். அது கப்பலில் வரும் பொருள் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் மாவைப் புளிக்கவைத்துப் பொங்கச் செய்யும் வித்தை எமது குசினிக்குப் புதிதல்ல. அப்பத்துக்குக் கள்ளு விட்டுக் குழைத்த பாட்டிமாருக்கு அது நன்றாகத் தெரியும். கள்ளிலே மதுவம் இயற்கையாகவே இருக்கிறது. கடையில் பைக்கற்றில் வாங்கும் ஈஸ்ற்றும் மதுவம்தான். அது மாவிலுள்ள இனிப்பைத் தின்று காற்றை விடுகிறது. கோதுமை மாவின் பசைத்தன்மை அந்தக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் மா பொங்குகிறது. கள்ளின் பேரைக் கேட்டதும் மதுவிலக்குச் சபையார் முகம் சுளிக்க வேண்டாம், போறணைச் சூட்டில் வெறி பறந்துவிடும். ஈஸ்ற் கிடைக்காத ஊரில் ஒரு தம்ளர் புதுக் கள்ளு போதும், பொங்கச் சில மணித்தியாலம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். சுண்ணாம்பு இட்ட கருப்பணி இதற்கு உதவாது; புளிக்காமல் இருக்கத்தானே சுண்ணாம்பு இடுகிறோம்.

இனிச் செய்முறைக்கு வருவோம். 500 கிராம் மாவுக்கு 2 தேக்கரண்டி ஈஸ்ற், 60 அல்லது 70 கிராம் சீனி, 1 தேக்கரண்டி உப்பு, 50 கிராம் மாஜரீன் அல்லது தேங்காயெண்ணெய், இளஞ்சூடான தேங்காய்ப்பால் ஏறக்குறைய 250 மில்லிலீற்றர். பால் விரலுக்குச் சுடக்கூடாது. சுட்டால் மதுவம் செத்துவிடும். திறந்து நெடுநாள் வைத்திருந்த ஈஸ்ற் எமது வெக்கையில் வலுவிழந்துவிடும். ஆகவே சிறிது பாலில் ஒரு சிட்டிகை சீனியோடு கரைத்துப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். நுரைக்காவிட்டால் மாவைப் பழுதாக்காமல் அங்கேயே நிறுத்திவிடலாம். பிள்ளைகளுக்கு இனிக்கட்டும் என்று சீனியை அள்ளிப் போடவும் வேண்டாம். சீனி மிஞ்சினால் பொங்குவது மந்தமாகும். இனிப்பு பழத்தில் இருக்கட்டும்.

மாவைக் கையில் ஒட்டாதபடி பத்துப் பன்னிரண்டு நிமிடம் நன்றாக இழுத்துக் குழைத்து, ஈரத்துணியால் மூடி வைத்தால், எமது காலநிலையில் ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு மடங்காகிவிடும். குளிர்நாட்டுப் புத்தகங்களைப் பார்த்து இரண்டு மணித்தியாலம் வைத்தால் புளிப்பு ஏறிவிடும். பொங்கிய மாவை அமத்தி, 14 உருண்டையாக்கி, தட்டி, நடுவில் ஒரு மேசைக்கரண்டி பழக்களி வைத்து, ஓரங்களைக் கூட்டிக் கிள்ளி மூடி, மூடிய பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் அடுக்குங்கள். மறுபடியும் அரை மணித்தியாலம் பொங்கட்டும்.

பழத்தில்தான் நாம் முதலில் தோற்றோம். அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. பப்பாசிப் பழம் மலிவாகக் கிடந்த ஒரு நாளில், அதைப் பச்சையாகவே அரிந்து சீனி தூவி உள்ளே வைத்தோம். பணிஸ் வெந்து வந்தபோது மேலே அழகாக இருந்தது. உள்ளே பழத்தைச் சுற்றிய மா முழுவதும் கூழாகிக் கிடந்தது. இறைச்சியை மெதுவாக்கப் பப்பாசிக்காய் போடுகிறோமே, அதே தன்மை மாவின் பசையையும் கரைத்துவிடுகிறது. அன்னாசியும் அப்படியே. இரண்டையும் காய்ச்சினால் அந்தத் தன்மை போய்விடும். மாம்பழத்துக்கு அந்தக் குணம் இல்லை, ஆனால் சாறு அதிகம். ஆகவே எந்தப் பழமானாலும் காய்ச்சி வற்ற வைப்பதே முறை. ஒரு கிலோ மாம்பழச் சதைக்கு 150 கிராம் சீனியும் பாதித் தேசிக்காய்ப் புளியும் விட்டு, தாச்சியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கிண்ட வேண்டும். கறுத்தக் கொழும்பானை இதற்குள் போட எமக்கு மனம் வராது, அது கையில் பிழிந்து குடிக்கும் பழம். நார் கூடிய நாட்டு மாம்பழம் போதும், அரிதட்டில் தேய்த்தால் நார் நின்றுவிடும். கதலி வாழைப்பழம் என்றால் சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி. பனம்பழக் காலத்தில் பணியாரத்துக்குக் காய்ச்சுவதுபோலக் களி காய்ச்சி வைக்கலாம். அந்த மணத்தைப் பாண் ஓட்டோவில் எந்தக் காலத்திலும் வாங்க முடியாது. களி நன்றாக ஆறிய பின்பே மாவுக்குள் வைக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

ஜாம் போத்தல் என்றால் எம்மில் வயது போனவர்களுக்குப் பழம் நினைவுக்கு வராது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அதற்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்ததே நினைவுக்கு வரும்.

மாவின் விலை கூடும்போது முழுவதையும் கோதுமையாகப் போட வேண்டியதில்லை. அவித்து மசித்த வற்றாளங்கிழங்கை ஐந்திலொரு பங்குக்குச் சேர்த்துப் பாலைக் குறைத்துக்கொண்டால் பணிஸ் மெத்தென்று வரும். அரிசி மாவையோ ஒடியல் மாவையோ அந்தளவுக்குமேல் சேர்த்தால் பொங்காது, அவற்றில் அந்தப் பசை இல்லை.

இப்படிப் பழம் வைத்துச் சுடுவது உலகத்தில் உழவர் வீட்டுப் பலகாரமாகவே இருந்திருக்கிறது. செக் நாட்டு உழவர்கள் தமது தோட்டத்துப் பிளம் பழத்தை நீண்ட நேரம் காய்ச்சி இத்தகைய பலகாரத்துக்குள் வைப்பார்கள். 19 ஆம் நூற்றாண்டில் அவர்களில் பல குடும்பங்கள் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தன. அங்கே அவர்களின் சந்ததியினர் இன்றும் அதைக் 'கொலாச்சி' என்ற பெயரில் சுடுகிறார்கள். பிளம்மோடு நில்லாமல், அந்த நாட்டில் கிடைத்த பீச் முதலிய பழங்களையும் வைக்கப் பழகிக்கொண்டார்கள்.

வீட்டில் ஒரு தட்டுப் பணிஸ் சுட மணற்சட்டி போதும். பழைய இரும்புச் சட்டியில் இரண்டு அங்குலம் மணல் போட்டு, மேலே ஒரு கால் வைத்து, நன்றாகச் சூடேற்றி, தட்டை வைத்து மூடி, மூடிமேல் சிரட்டைத் தணல் பரப்பினால் அரை மணித்தியாலத்துக்குள் வெந்துவிடும். ஆனால் நாம் வேண்டுவது பத்துக் குடும்பத்துக்கு ஒரு போறணை. செங்கல்லும் புற்றுமண்ணும், மேலே நான்கு தகரம். விறகை உள்ளே எரித்துத் தணலை ஒதுக்கிவிட்டு, தரையில் ஒரு சிட்டிகை மாவை எறிந்து பாருங்கள். உடனே கருகினால் பொறுக்க வேண்டும். மெல்லப் பொன்னிறமானால் தட்டை உள்ளே தள்ளலாம். ஒருமுறை மூட்டினால் பல தட்டு வேகும். பத்து வீடு பத்து அடுப்பு மூட்டும் விறகு மிச்சம்.

இங்கே ஆண்களுக்கு ஒரு வார்த்தை. சுயதொழில் என்ற பெயரில் வரும் வேலையெல்லாம் பெண்களின் தலையிலேயே இறங்குகிறது. விடியத் தோட்டக் கூலி, மத்தியானம் சமையல், பின்னேரம் பணிஸ் என்றால் அது அபிவிருத்தி அல்ல, தண்டனை. போறணை கட்டுவதும் விறகு பிளப்பதும் தணல் ஒதுக்குவதும் ஆண்களின் பங்காக இருக்க வேண்டும். இதை மாதர் சங்கக் கூட்டத்தில் அல்ல, கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள். விலை போடும்போது விறகையும் உழைத்த மணித்தியாலத்தையும் கணக்கில் சேருங்கள். வளவில் கிடந்த விறகுதானே, சும்மா இருந்த நேரம்தானே என்று விட்டுவிட்டு, இலாபம் என்று நாம் எண்ணியது எமது கூலியின் பாதிதான் என்பதைப் பிந்தித்தான் கண்டோம். முதல் தட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு. மிச்சத்தையே விற்க வேண்டும். பழம் வைத்த பணிஸ் இரண்டு நாளுக்குமேல் நில்லாது, மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே சொல்லி வைத்த அளவுக்கே சுடுங்கள்: பாலர் பாடசாலை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடியும் நேரம், சந்தை நாள்.

போறணை கட்ட நினைப்பவர்கள் மாரி முடியும்வரை பொறுக்க வேண்டும். ஈரத்தில் கட்டிய மண் வெடித்துவிடும். தையில் மண் குழைத்துக் கட்டி, மாசி, பங்குனி வெயிலில் காயவிட்டு, சிறு தீயாகப் பல நாள் மூட்டிப் பழக்கி எடுத்தால், வைகாசியில் முதல் மாம்பழம் விழும்போது தயாராக இருக்கும். இரவல் காணியில் இருப்பவர்கள் காணிக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செங்கற்களைச் சீமெந்தால் பூசாமல் மண்ணாலேயே அடுக்குங்கள். ஊருக்குப் போகும் நாள் வந்தால் கழற்றிக் கொண்டுபோகலாம்.