மோகினி மேல் சுமத்திய பழி

அழகி ஒருத்தியின் வலையில் விழுந்து யோக்கியன் ஒருவன் கெட்டுப்போனான் என்று கதை சொல்வதும், அதை வாய் பிளந்து கேட்பதும், எந்தத் தேசத்து ஜனங்களுக்கும் இதுவரை அலுத்ததில்லை. 1944-ஆம் ஆண்டில் பில்லி வைல்டர் எடுத்த ‘டபிள் இண்டெம்னிட்டி’ என்னும் ஹாலிவுட் படத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்து, அதில் வரும் ஃபிலிஸ் டீட்ரிக்ஸன் என்பவளை வெள்ளித்திரை கண்ட மோகினிகளிலெல்லாம் கொடியவள் என்று விமர்சகர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதி வருகிறார்கள். அவள் உத்தமி என்று வாதாட நான் வரவில்லை; கணவனின் கொலைக்கு உடந்தையாக இருந்தவள், அவனுடைய முதல் மனைவிக்கு நர்ஸாக வந்து அவளையும் தீர்த்துக் கட்டியவள் என்றே படத்தில் அவளுடைய மூத்தாள் மகள் முறையிடுகிறாள். ஆனால் அவள் பேரில் குற்றப்பத்திரிகை எழுதியவன் யார் என்று ஒரு தரம் விசாரித்துப் பார்ப்பதுதானே நியாயம்?

எழுதியவன் வால்டர் நெஃப். லாஸ் ஏஞ்ஜலிஸ் நகரத்து இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. தோளில் குண்டு பாய்ந்த நிலையில், நள்ளிரவில் ஆளில்லாத ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்து, டிக்டபோன் யந்திரத்தின் குழாயை வாயருகே பிடித்துக்கொண்டு, தன் மேலதிகாரியான கீய்ஸுக்கு அவன் சொல்லும் வாக்குமூலமே படம் முழுவதும். பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் கொலை செய்தேன், பணமும் கிடைக்கவில்லை, பெண்ணும் கிடைக்கவில்லை என்று ஆரம்பத்திலேயே அவன் சொல்லிவிடுகிறான். அவன் பேசத் தொடங்கும்போது அந்தப் பெண் பிணமாகிவிட்டாள். மறுத்துச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் சொல்லப்பட்ட சாட்சியம் இது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

மோட்டார் பாலிசியைப் புதுப்பிக்கப் போன வீட்டில், மாடிப்படியின் உச்சியில் துவாலையைச் சுற்றிக்கொண்டு நிற்கும் எஜமானியையும், பிறகு அவள் உடுத்திக்கொண்டு இறங்கி வருகையில் கணுக்காலில் மின்னும் மெல்லிய சங்கிலியையும் கண்டு அவன் மதிமயங்குவது வாஸ்தவந்தான். கணவனுக்குத் தெரியாமல் அவன் பேரில் விபத்துப் பாலிசி எடுக்கலாமா என்று கேட்டவளும் அவளே. ஆனால், ரெயிலில் நேரும் அபூர்வமான மரணத்துக்குக் கம்பெனி இரட்டிப்புத் தொகை தரும் ஷரத்தை நினைவில் வைத்திருந்து, 50,000 டாலர் பாலிசியை 1,00,000 டாலராக்கத் திட்டம் வகுத்தவன் நெஃப்தான். சூதாட்ட விடுதியில் சக்கரத்தின் பின்னால் நின்று வாடிக்கையாளர்களின் மோசடியைக் கண்காணிக்கும் ஊழியனுக்கு, ஒருநாள் தானே விடுதியை ஏமாற்றிப் பார்த்தால் என்ன என்று தோன்றுவதுபோல, தனக்கும் வெகுநாளாக அந்த ஆசை இருந்ததென்று அவனே ஒப்புக்கொள்கிறான். அவன் உள்ளத்தில் விறகு முன்பே அடுக்கியிருந்தது. அவள் கொண்டுவந்தது நெருப்பு மாத்திரமே.

நெஃபை அழித்தது மோகத்தைவிடக் கர்வம் என்றே நான் நினைக்கிறேன். எட்வர்ட் ஜி. ராபின்ஸன் அற்புதமாக நடித்த கீய்ஸ், பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடிப்பதில் மகா நிபுணர்; தற்கொலைகளை இனம், தொழில், பருவம், விஷத்தின் வகை என்று பிரித்து அடுக்கிய புள்ளிவிவரங்களையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்துத் தம் கம்பெனித் தலைவரின் வாயை அவர் அடைக்கும் காட்சிக்காகவே படத்தை இரண்டாம் தரம் பார்க்கலாம். இந்த மனிதரை வென்றுவிட வேண்டும் என்பதே நெஃபின் அந்தரங்க வெறி. கீய்ஸ் அவனுக்குத் தம் பக்கத்தில் ஓர் உத்தியோகம் தருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கும் அதே வேளையில் டெலிபோன் மணி அடிக்கிறது. பேசுகிறவள் ஃபிலிஸ், கால் ஒடிந்த கணவன் ரெயிலில் கிளம்பப் போகிறான் என்பது செய்தி. அவளை ‘மார்ஜி’ என்று அழைத்துக்கொண்டு, கீய்ஸ் எதிரே நின்று கேட்டுக்கொண்டிருக்கையிலேயே, கொலைக்கான ஏற்பாட்டை நெஃப் கூசாமல் பேசி முடிக்கிறான்.

வைல்டரும் அவருடன் திரைக்கதை எழுதிய ரேமண்ட் சாண்ட்லரும் இதை அறியாமல் செய்தவர்கள் அல்லர். கதாநாயகியாக நடித்த பார்பரா ஸ்டான்விக்குக்கு, பார்த்த மாத்திரத்தில் பொய் என்று தெரியும் மலிவான பொன்னிறப் பொய்முடியை வைத்தார் வைல்டர். ஜார்ஜ் வாஷிங்டனையா நடிக்கக் கூப்பிட்டோம் என்று ஸ்டூடியோ அதிகாரி ஒருவர் கேலி செய்தாராம். கண்ணுள்ளவன் எவனும் ஏமாற முடியாத வேஷம் அது; ஏமாற விரும்பியவன் ஏமாந்தான்.

எனினும் வைல்டர் அவளுக்குச் சலுகை காட்டவுமில்லை. கொலை நடக்கும் க்ஷணத்தில், காரின் பின் ஆசனத்தில் ஒளிந்திருந்த நெஃப் எழுந்து கணவனின் கழுத்தை நெரிக்கையில், காமிரா அந்தப் பக்கம் திரும்பாமல், சாலையையே நோக்கிக் காரை ஓட்டும் அவள் முகத்தில் நிலைத்து நிற்கிறது. பதற்றமோ கண்ணீரோ இல்லாமல், உதட்டோரத்தில் திருப்தியின் சாயை மட்டும் படரும் அந்த முகத்தை, பின்னாலிருந்த நெஃப் பார்த்திருக்க முடியாது. அவன் வாய்மொழிக்கு வெளியே அவளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகச் சில சாட்சியங்களில் ஒன்று அது. அதுவும் அவளுக்கு விரோதமாகவே இருக்கிறது. ஆகவே அவள் விடுதலை பெற வேண்டும் என்பதல்ல, இருவரும் ஒரே கூண்டில் நிற்க வேண்டும் என்பதே என் கட்சி.

நெஃப் விஷவாயு அறையில் மரண தண்டனை பெறும் காட்சியையும் வைல்டர் படம்பிடித்து, பிறகு அதை நீக்கிவிட்டார். அது சரியான முடிவு. ஆபீஸ் வாசலில் சரிந்து கிடப்பவனின் சிகரெட்டுக்குக் கீய்ஸ் தீக்குச்சி கிழித்துக் கொடுப்பதைவிடக் கடுமையான தண்டனை அவனுக்கு வேறில்லை.

மூலக் கதையை எழுதிய ஜேம்ஸ் எம். கெயினுக்கு வித்தாக அமைந்தது, 1927-இல் நியூயார்க்கில் ரூத் ஸ்னைடர் என்பவளும் அவள் காதலன் ஜட் கிரேயும் சேர்ந்து அவள் கணவனைக் கொன்ற வழக்கு. அங்கும் இரட்டிப்புத் தொகைப் பாலிசி உண்டு; அங்கும், அவள் வசியத்துக்கு ஆட்பட்டவன் அவன் என்றே அவன் தரப்பில் வாதாடினார்கள். ஜூரிகள் அதை ஏற்காமல் இருவரையும் குற்றவாளிகள் என்றார்கள். 1928 ஜனவரி 12-ஆம் தேதி இரவு, ஸிங் ஸிங் சிறையில், சில நிமிஷ இடைவெளியில் இருவரும் ஒரே மின்சார நாற்காலியில் மாண்டார்கள். கணுக்காலில் ரகசியமாகக் கட்டிய காமிராவுடன் உள்ளே நுழைந்திருந்த ஒருவர் எடுத்த படம் மறுநாள் ‘டெய்லி நியூஸ்’ பத்திரிகையின் முதல் பக்கத்தில் வெளியாயிற்று. அது அவளுடைய படம்.