பின்னந்தலையையும் பிடுங்கிவிட்டார்கள்

முன்னந்தலையில் முடி இல்லை என்று முடி நடும் கிளினிக்குக்குப் போனேன். பின்னந்தலையில் இருந்ததையும் பிடுங்கிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். யாரிடம் போய் முறையிட? சொட்டைத் தலைக்கு இவ்வளவு புலம்பலா என்று சிரிப்பார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் "மாப்பிள்ளைக்கு நிஜமாவே 27தானா?" என்று கேட்கக் கேட்டு உட்கார்ந்திருந்தால் தெரியும், அது சிரிக்கிற விஷயமா என்று.

ஆலோசனை இலவசம் என்றுதான் கூப்பிட்டார்கள். எதிரே உட்கார்ந்து பேசியவர் டாக்டரே இல்லை, விற்பனை ஆள். "3,500 கிராஃப்ட் வெச்சா காலேஜ்ல இருந்த தலை வந்துடும் சார். இன்னைக்கே புக் பண்ணா ஆஃபர். இஎம்ஐ நாங்களே போட்டுத் தர்றோம்." கையில் ஒரு கேரண்டி கார்டு வேறு!

நடுகிற முடிக்கு நாற்றங்கால் பின்னந்தலைதான், அது சிறியது என்பதை ஏனய்யா மறைத்தீர்கள்? ஒவ்வொரு கிராஃப்ட்டும் அங்கே வேரோடு எடுத்த முடிதான்; எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. ஆயுசு முழுக்கச் சேர்த்தாலும் அங்கிருந்து எடுக்க முடிவது சில ஆயிரம் கிராஃப்ட்தான். வழுக்கையோ வயதோடு ஏறிக்கொண்டே போகும். நட்ட முடி நின்றாலும் அதைச் சுற்றியுள்ள சொந்த முடி கொட்டும். அதைக் காப்பாற்ற மினாக்ஸிடில், ஃபினாஸ்டெரைடு என்று தொடர்ந்து மருந்து வேண்டும், நிறுத்தினால் பலனும் போய்விடும். இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நட்டது சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதம் கழித்துத் துளிர்த்து, முழுசாகத் தெரிய ஒரு வருஷமாவது ஆகும் என்பதைக்கூட, தலையணையில் கிடந்த முடியைப் பார்த்துப் பதறிப் போன் போட்டபோதுதான் சொன்னார்கள்.

அறுவை சிகிச்சை அன்று டாக்டர் வந்தார், நெற்றியில் பேனாவால் கோடு போட்டார், போய்விட்டார். மற்றதெல்லாம் டெக்னீஷியன் பையன்கள். குப்புறப் படுத்திருந்த என் காதில் விழுந்தது: "இன்னும் கணக்கு வரலடா." "ஓரத்துல எடு, யார் பாக்கப்போறா?"

சலூன்காரர் பார்த்தார். "பின்னாடி என்ன சார், இப்படித் திட்டுத்திட்டா?" என்றார். எனக்கு வாய் வரவில்லை.

முறையான அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் முடி நடும் சிகிச்சையைச் செய்ய வேண்டும், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது. 2016இல் சென்னையில் மருத்துவம் படித்த இளைஞர் ஒருவரே இந்தச் சிகிச்சைக்குப் போய் உயிரை விட்டார். ஓர் உயிர் போன பிறகும் இந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது?

கிளினிக்கில் கேட்கப் போனால், "உங்க பின்னந்தலை வீக் சார், கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்கிறார்கள். வீக் என்பது பணம் கட்டும் முன் தெரியவில்லையா? அதோடு விட்டார்களா? "மறைக்க ஃபைபர் பவுடர் இருக்கு சார்" என்று அதையும் என் தலையிலேயே கட்டினார்கள். அந்தக் கெரட்டின் தூள் இருக்கிற முடியைப் பிடித்துத்தான் நிற்கும். வெற்றுத் தோலில் அழுக்காய்த் தெரியும். இந்த ஊர் வியர்வைக்கு மதியத்துக்குள் சட்டைக் காலரில் கறுப்பாக இறங்குகிறது. முடி போய்விட்டது, இஎம்ஐ இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

தம்பிகளே, பணம் கட்டும் முன் கேளுங்கள்: துளை போடப்போவது யார் கை? அவருடைய மருத்துவப் பதிவு எண் என்ன? பின்னந்தலையில் எத்தனை எடுப்பீர்கள், எடுத்த பின் எனக்கு என்ன மிஞ்சும்? எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.