வடிகாலுக்கு முன்னரே வழி காண்க!

புத்தளக் கரையோரம் ஒரு பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. ஓர் இறால் பண்ணை ஒல்லாந்தர் கால்வாயில் விட்ட நீரையே அடுத்த பண்ணை உள்ளே எடுத்தது. 1996ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் தோன்றியபோது, அந்நீர்வழி நோய்க்கும் வழியாயிற்று. ஒருவர் கழித்தது மற்றவர் குளத்தில் வந்து சேரும் என்பதே அப்பாடம்.

இன்று தேங்காய்ப்பால் ஆலைகள் விடயத்திலும் அதனை நினைவுகொள்ளல் வேண்டும். இவ்வாலைகளிற் குழாய்களையும் தாங்கிகளையும் கழற்றாமலே கழுவுகின்றனர். முதலில் நீர், பின்னர் சூடான எரிசோடாக் கரைசல், தேவையாயின் அமிலம், ஈற்றில் தூய நீர் என்று உள்ளே ஓடவிடுகின்றனர். முறை நன்றே, ஆயின் கவனமின்றி நடத்தினால் நீரும் மருந்தும் எரிபொருளும் வீணாகும்.

வீணைத் தவிர்க்கும் வழிகள் அரியன அல்ல. குழாயில் எஞ்சிய பாலை முதலில் வெளித்தள்ளிச் சேகரித்தல் வேண்டும். அது தென்னைச் செய்கையாளரின் உழைப்பு. வடிகாலில் விழுந்தாலோ நீரின் உயிர்வளியை உறிஞ்சும் அழுக்கு. ஈற்றிற் கழுவிய நீரைச் சேமித்து, மறுமுறை முதற் கழுவலுக்கு மட்டும் பயன்படுத்தலாம். எரிசோடாக் கரைசலை ஒருமுறையோடு கொட்டிவிடாது, அதன் வலுவை அளந்து மீண்டும் பயன்படுத்தலாம்.

“சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதே” என்பர் சிலர். லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் அழுக்கு என்று மட்டும் பார்ப்பது போதாது. லீற்றருக்கு 30 மில்லிகிராம் வீதம் 1,00,000 லீற்றரில் உள்ளது 3 கிலோகிராம். நீரை இரட்டித்தால் 15 மில்லிகிராம் என்று கணக்குக் குறையும். களப்பைச் சேர்வதோ அதே 3 கிலோகிராம்தான்!

வடமேல் மாகாணத்துக்குத் தனக்கென 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றாடல் நியதிச்சட்டமும், அதன்வழி அமைந்த அதிகாரசபையும் உண்டு. மாகாணங்களுக்கு அதிகாரம் வேண்டுமென்று வாதாடும் நாம், கிடைத்த அதிகாரம் உறங்குவதைப் பார்த்திருக்கலாமா? பதனிடும் ஒவ்வொரு தொன் தேங்காய்க்கும் எவ்வளவு நீர், எவ்வளவு எரிசோடா என்ற கணக்கை அனுமதிப்பத்திர நிபந்தனையாக்குக. லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்தின் அறிவையும் துணைகொள்க. கழுவும் விதிகளைத் தொழிலாளர் அறியும் மொழியில் எழுதி ஆலையில் மாட்டுக.

செய்கையாளரும் மீனவரும் வாளாவிருத்தல் தகாது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், தம்மூர் ஆலையின் அனுமதி நிபந்தனைகளை அதிகாரசபையிடம் தமிழிலேயே கேட்டறியலாம். கிணறு நமது, களப்பு நமது, கேட்கும் கடமையும் நமதே!