மந்திரிக்குத் தங்கக் கறி! வெங்காயத்தாள் தூவியவருக்கு ஜெயில்!

லண்டன் நகரில் நைட்ஸ்பிரிட்ஜ் என்று ஒரு பகுதி. பணக்காரர்கள் நடமாடும் இடம். 2021-ம் வருஷம் செப்டம்பர் மாதம் அங்கே ஒரு ஓட்டல் திறந்தார்கள். "நுஸ்ரெத்" என்று பெயர். அங்கே தங்கத் தாள் சுற்றிய மாட்டுக்கறித் துண்டு ஒன்றின் விலை 1,450 பவுண்டு.

அன்றைய மதிப்பில் சுமார் 1½ லட்சம் ரூபாய்!

ஒரு துண்டுக் கறிக்கு ஒன்றரை லட்சமா என்று வாயைப் பிளக்க வேண்டாம். சாப்பிட ஆள் இருந்தது. மேஜை கிடைக்காமல் காத்துக் கிடந்தவர்களும் உண்டு. காசு அவர்களுடையது. தின்றார்கள், போனார்கள். அதில் மற்றவர்களுக்கு என்ன வந்தது?

ஒன்றும் வரவில்லை. அந்த வருஷம் நவம்பர் மாதம் ஒரு மந்திரி அங்கே போய் உட்காரும் வரை!

ஓட்டலா, நைட் கிளப்பா?

இந்த மாதிரி ஓட்டல்கள் ஒரு தனி தினுசு. கறி சுட்டுக் கொடுக்கும் கடை அமெரிக்காவில் பழைய தொழில். நியூயார்க் புரூக்ளினில் "பீட்டர் லூகர்" என்ற கடை 1887-ல் இருந்து நடக்கிறது. மரமேஜை, நல்ல வெளிச்சம், சூடான தட்டு. வந்தோம், சாப்பிட்டோம், போனோம் என்று காரியம் முடிந்துவிடும்.

புது தினுசு அப்படி இல்லை. 2006-ல் அதே நியூயார்க்கில் "எஸ்.டி.கே." என்று ஒரு கடை வந்தது. மீட்பேக்கிங் என்ற பகுதியில் வந்தது. ஒரு காலத்தில் அங்கே இருநூறுக்கு மேல் கசாப்புக் கொட்டில்களும் கறிக் கிடங்குகளும் இருந்தன. கறி வெட்டியவர்கள் போய்விட்டார்கள், ஆட்டம் பாட்டம் வந்தது. அந்த இடத்திலேயே கறிக்கடையையும் நைட் கிளப்பையும் ஒன்றாகக் கலந்து விட்டார்கள். விளக்கை மங்க வைத்தார்கள். இசைத்தட்டு போடுகிற ஆளை மேடையில் ஏற்றினார்கள். பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாத அளவுக்குச் சத்தம். சாப்பாடு பாதி, வேடிக்கை பாதி. பில் மட்டும் முழுசு!

இந்த வேடிக்கையை உலகம் பூராவும் கொண்டு போனவர் துருக்கிக்காரர் நுஸ்ரெத் கோக்சே. 1983-ல் எர்சுரும் மாகாணத்தில் பிறந்தவர். அப்பா சுரங்கத் தொழிலாளி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கசாப்புக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். 2010-ல் இஸ்தான்புல்லில் சொந்தக் கடை போட்டார். 2017 ஜனவரியில் ஒரு சின்ன வீடியோ வெளியிட்டார். கறுப்புக் கண்ணாடி, இறுக்கமான பனியன். கறியைச் சீவிவிட்டு, கையைப் பாம்பு படம் எடுப்பது போல் வளைத்து உப்பைத் தூவுகிறார். உப்பு முழங்கை வழியாக உருண்டு கறியில் விழுகிறது. அவ்வளவுதான். அதைப் பார்த்து உலகமே கைதட்டியது. "சால்ட் பே" என்று பட்டப் பெயரும் வைத்து விட்டார்கள். உப்புக்காரர் என்று நாம் வைத்துக் கொள்ளலாம்.

கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்த மனுஷன். அதைக் குறை சொல்வதற்கில்லை.

ஒரு குந்துமணி

கறியில் சுற்றும் தங்கம் அசல் 24 காரட்தான். ஆனால் எவ்வளவு தங்கம்? அடித்து அடித்து மெல்லிசாக்கிய தாள் அது. உள்ளங்கை அகலமுள்ள ஒரு தாளில் இருப்பது ஒரு கிராமில் நூறில் ஒரு பங்குதான். பத்துத் தாள் சுற்றினாலும் ஒரு குந்துமணி எடைதான் தேறும். ருசி கிடையாது. வாசனை கிடையாது. உடம்பில் ஒட்டாது. உள்ளே போனது போல் வெளியே போய்விடும். நகைக்கடைக்காரர் கேட்டால் தலையில் அடித்துக் கொள்வார்.

அந்தக் கறித் துண்டுக்கு "டோமஹாக்" என்று பெயர். செவ்விந்தியர்களின் கோடாரிக்குச் சொல்லும் பேர். நீள விலா எலும்பைக் காம்பு மாதிரி விட்டு வெட்டுவதால் அப்படிச் சொல்கிறார்கள். எலும்பைக் கடிக்க முடியாது. ஆனால் எலும்புக்கும் சேர்த்துத்தான் காசு.

2021 அக்டோபரில் அந்த லண்டன் கடையின் பில் ஒன்று ஊர் பூராவும் சுற்றியது. மொத்தம் 1,812 பவுண்டு. தங்கம் இல்லாத டோமஹாக் மட்டும் 630 பவுண்டு. ஒரு கோக்கோ கோலா 9 பவுண்டு! நூற்றுக்கு 15 வீதம் சர்வீஸ் சார்ஜ், அது மட்டும் 236 பவுண்டு.

இந்த சர்வீஸ் சார்ஜ் யாருக்குப் போகிறது? தட்டைத் தூக்கிவந்த சர்வருக்குப் போகிறதா, முதலாளி கல்லாவுக்கா? பிரிட்டனில் இது பல வருஷத் தகராறு. கடைசியில் சட்டம் போட்டார்கள். டிப்சும் சர்வீஸ் சார்ஜும் முழுசாக வேலைக்காரர்களுக்கே போக வேண்டும், முதலாளி தொடக்கூடாது என்று 2024 அக்டோபர் 1-ந் தேதி முதல் அமுல். அமெரிக்காவில் இன்னும் மோசம். டிப்ஸ் வாங்கும் சர்வருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்திய சட்டப்படி மணிக்கு 2 டாலர் 13 செண்டு. 1991-ல் வைத்தது. பல மாநிலங்கள் கூட்டிக் கொடுக்கின்றன. மற்ற இடங்களில் சாப்பிட வருகிறவர் மனசு வைத்தால்தான் சர்வர் வீட்டில் அடுப்பு எரியும்.

சரி, மந்திரி கதைக்கு வருவோம்.

ஊட்டி விட்டார்

வியட்நாம் நாட்டின் பொதுப் பாதுகாப்பு மந்திரி தோ லாம். போலீஸ் பூராவும் அவர் கையில். 2021 நவம்பர் முதல் வாரம், பருவநிலை மாநாட்டுக்காக பிரிட்டன் போயிருந்தார். அந்தப் பயணத்திலேயே லண்டன் ஹைகேட் இடுகாட்டில் கார்ல் மார்க்ஸ் கல்லறைக்கும் போய் மலர் வைத்தார். ஆளுவது கம்யூனிஸ்டு கட்சி. ஆகவே அது முறைதான்.

பிறகு உப்புக்காரர் கடைக்குப் போனார்!

வீடியோவை வெளியிட்டது எதிரிகள் அல்ல, கடைக்காரரே. கோக்சே தங்கக் கறியைச் சீவுகிறார். உப்பைத் தூவுகிறார். ஒரு துண்டைக் கத்தி முனையில் எடுத்து மந்திரி வாயருகே நீட்டுகிறார். மந்திரி வாயைத் திறந்து வாங்கிக் கொள்கிறார். சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வீடியோ காணாமல் போய்விட்டது. ஆனால் அதற்குள் வியட்நாம் ஜனங்கள் பார்த்து விட்டார்கள்.

அப்போது அந்த நாடு எப்படி இருந்தது? கொரோனா பூட்டடைப்பு இருந்த கோடை அது. ஹோ சி மின் நகரில் ஜனங்கள் வாரக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை. அக்டோபர் மாதம்தான் கதவு திறந்தது. வேலை போனவர்கள் மோட்டார் சைக்கிளில் மூட்டை முடிச்சோடு சொந்த ஊருக்குக் கிளம்பிய நேரம். மந்திரிக்கு அரசாங்கச் சம்பளம் மாதம் சில நூறு டாலர்தான். ஒரு துண்டுக் கறியோ இரண்டாயிரம் டாலருக்கு அருகே!

"மந்திரியும் மனுஷன்தானே, ஒருநாள் நல்லதாகச் சாப்பிட்டால் என்ன குடி முழுகியது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சாப்பிடட்டும். ஆனால் பில்லைக் கட்டியது யார்? அதுதான் கேள்வி. சொந்தப் பணம் என்றால் சம்பளக் கணக்கு இடிக்கிறது. சர்க்கார் பணம் என்றால் அது வரிகட்டிய ஜனங்களுடையது. யாரோ நண்பர் வாங்கிக் கொடுத்தார் என்றால், போலீஸ் மந்திரிக்கு ஒன்றரை லட்ச ரூபாய்க் கறி வாங்கிக் கொடுக்கும் நண்பர் யார், அவருக்கு என்ன காரியம் ஆகவேண்டும்? ஒரு சாதாரண குமாஸ்தா மேல் இப்படி ஒரு புகார் வந்தால், ஏட்டு கூட முதலில் கேட்பது இதைத்தான்.

வியட்நாமில் அதைக் கேட்க எந்தப் பத்திரிகையும் இல்லை. அங்கே பத்திரிகைகள் அரசாங்கத்தின் கையில். ஒருவரியும் வரவில்லை. பேஸ்புக்கில் உப்புக்காரரின் பட்டப்பெயரைத் தேடினால் கொஞ்சநாள் ஒன்றும் வராமல் போனது. செய்தியாளர்கள் கேட்ட பிறகு கம்பெனி அந்தத் தடையை நீக்கியது.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த நாட்டில் அப்போது ஊழல் ஒழிப்பு தடபுடலாக நடந்து கொண்டிருந்தது. பிடித்து உள்ளே போடுகிற வேலை இதே மந்திரியின் இலாகாவுக்குத்தான். கறி தின்ற அடுத்த மாதம், 2021 டிசம்பரில், கொரோனா பரிசோதனைக் கருவி விற்ற "வியத் ஆ" கம்பெனி லஞ்ச வழக்கில் கைதுகள் ஆரம்பித்தன. சுகாதார மந்திரியாக இருந்தவரே 2022 ஜூனில் கைதானார். 2024 ஜனவரியில் அவருக்கு 18 வருஷம் ஜெயில்! லஞ்சம் வாங்கினால் மந்திரியானாலும் விடமாட்டோம் என்று காட்டினார்கள். நல்ல காரியம். அதே கோலால் தங்கக் கறி பில்லையும் ஒருமுறை அளந்திருக்கலாம்.

வெங்காயத்தாள்

டானாங் என்பது வியட்நாமின் நடுவே உள்ள கடற்கரை நகரம். அங்கே மாட்டுக்கறி நூடுல்ஸ் சூப் விற்கும் சின்னக் கடைக்காரர் புய் துவான் லாம். மந்திரி பெயரிலும் லாம், இவர் பெயரிலும் லாம்! அரசாங்கத்தை விமர்சித்து எழுதும் பழக்கம் இவருக்கு ஏற்கனவே உண்டு.

மந்திரி வீடியோ வந்த சில நாட்களில் இவரும் ஒரு வீடியோ போட்டார். கறுப்புக் கண்ணாடி மாட்டிக் கொண்டார். கறுப்பு பனியன். வேகவைத்த மாட்டுக்கறியை விறுவிறு என்று சீவினார். கையை உயர்த்தி, பாம்பு மாதிரி வளைத்து, பச்சை வெங்காயத்தாளைச் சூப் கிண்ணத்தில் தூவினார். உப்புக்காரர் மாதிரி இவர் வெங்காயத்தாள்காரர்! மந்திரி பெயரைச் சொல்லவில்லை. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

போலீசார் சிரிக்கவில்லை. அந்த மாதமே ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கடை விளம்பரத்துக்காக, தமாஷுக்காகச் செய்தேன் என்பது அவர் கட்சி. 2022 செப்டம்பரில் கைது செய்தார்கள். அரசாங்கத்துக்கு எதிராகப் பிரசாரம் செய்தார் என்று 117-வது பிரிவில் வழக்கு. 2023 மே 25-ந் தேதி ஒரே நாளில் விசாரணை. அன்றைக்கே தீர்ப்பு. 5½ வருஷம் ஜெயில். அது முடிந்த பிறகு 4 வருஷம் கண்காணிப்பு!

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். குற்றப்பத்திரிகையில் வெங்காயத்தாள் மட்டும் இல்லை. அவர் பல வருஷமாக எழுதியது, பேசியது எல்லாவற்றையும் மூட்டை கட்டிச் சேர்த்தார்கள். ஆனால் அத்தனை வருஷமும் வெளியே இருந்தவரை, வெங்காயத்தாள் தூவிய பத்தே மாதத்தில் உள்ளே வைத்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னால், கீரைக்காரி கூட நம்பமாட்டாள்.

உலகத்தில் இது புதுசும் இல்லை. 2018 செப்டம்பரில் வெனிசுலா ஜனாதிபதியாக இருந்த மதுரோ சீனாவில் இருந்து திரும்பும் வழியில், இதே உப்புக்காரரின் இஸ்தான்புல் கடையில் கறி தின்று சுருட்டுப் பிடித்தார். அவர் நாட்டில் அப்போது பஞ்சம். முந்தின வருஷம் ஜனங்களின் எடை சராசரி 11 கிலோ குறைந்தது என்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கணக்கு சொன்னது. அந்த வீடியோவும் கடைக்காரர் பக்கத்தில் வந்தது, ஜனங்கள் கொதித்தார்கள், அதையும் எடுத்துவிட்டார்கள். கறிக்கடைக்காரருக்கு விளம்பரம் வேண்டும், பெரிய மனுஷர்களுக்கு உபசாரம் வேண்டும். காமிரா நடுவே இருப்பதை மட்டும் அவர்கள் மறந்து விடுகிறார்கள்.

உப்புக்காரர் மேலும் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. அவர் வியாபாரி. வாசலில் விலைப்பட்டியல் இருக்கிறது. பிடிக்காதவர் போக வேண்டாம். ஆனால் மந்திரி என்பவர் வாடிக்கையாளர் மட்டும் அல்ல. அவர் வாய்க்குள் போகும் ஒவ்வொரு துண்டுக்கும் எங்கோ ஒருவன் கணக்குக் கேட்பான். கேட்க உரிமையும் உண்டு. சிரித்துக் கேட்டான் என்பதற்காக அது அரசாங்கத்துக்கு விரோதம் ஆகிவிடாது. வெங்காயத்தாளைப் பார்த்து ஒரு போலீஸ் இலாகா நடுங்கியது என்றால், மடியில் கனம் இருந்தது என்றுதானே ஜனங்கள் பேசுவார்கள்!

புய் துவான் லாம் அப்பீல் செய்தார். 2023 ஆகஸ்டு மாதக் கடைசியில் அப்பீலையும் கோர்ட்டு தள்ளிவிட்டது. அதற்கு அடுத்த வருஷம், 2024 மே மாதத்தில், தோ லாம் வியட்நாம் ஜனாதிபதி ஆனார். ஆகஸ்டில் கட்சியின் பொதுச் செயலாளரும் ஆனார். அந்நாட்டில் அதற்கு மேல் பதவி கிடையாது.

2021 நவம்பரில் லண்டனில் அந்தக் கறிக்குப் பணம் கட்டியவர் யார் என்று, வியட்நாம் அரசாங்கத்திடம் இருந்து ஒரு வரி அறிக்கை கூட வெளிவரவில்லை.